ஒரே ஒரு தமிழ் வாக்கியம்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் யூட்டா மாநிலம் லீஹையில் 13 வருடமாக இருக்கிறோம். கணவருக்கு மென்பொருள் வேலை. ஒரே மகன். தெருவெல்லாம் மார்மன் என்கிற கிறிஸ்தவ சபைக் குடும்பங்கள். பள்ளியில் அவனுடைய சிநேகிதர்களும் அவர்கள்தான். 18 வயது முடிந்த மறுவாரமே எங்களைக் கேட்காமல் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். அடுத்த வருடம் கல்லூரியைப் பாதியில் நிறுத்திவிட்டு மிஷனரியாகக் கிளம்பிவிட்டான். பிரேசிலில் ரெசிஃபிக்கு அனுப்பியிருக்கிறார்கள். 11 மாதம் ஆகிறது, இன்னும் 13 மாதம் பாக்கி.

போவதற்கு முன்பே நான் போட்டுக் கொடுக்கும் காபியைத் தொடமாட்டான். விபூதி வைக்கப் போனால் தலையை நகர்த்திக்கொள்வான். அவன் போன நாளிலிருந்து அவன் அப்பா அவனோடு பேசுவதில்லை. திங்கட்கிழமை வீடியோவில் கூப்பிடுவான், நான் மட்டும் பேசுவேன். சில மாதமாக அதுவும் இங்கிலீஷில்தான். கூடவே இருக்கும் ஐடஹோ பையனுக்குப் புரியாமல் பேசினால் நன்றாயிருக்காதாம். போன மாதம் ஒரே ஒரு நாள் நடுவில் தமிழில், "அம்மா, ராத்திரில தூக்கமே வரலம்மா" என்றான். உடனே இங்கிலீஷுக்குப் போய்விட்டான். இதைக்கூட விடுங்கள், பெற்ற தாயிடம் இங்கிலீஷில் பேச வைத்துவிட்டார்களே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

திருநெல்வேலியில் இருக்கும் மாமியாருக்கு விஷயமே தெரியாது. பேரன் படிப்புக்காக பிரேசில் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறோம். அவனை எப்படி மீட்பது? திரும்பி வந்தால் பழையபடி ஆவானா? மாமியாரிடம் என்ன சொல்வது?

— பெயர் வேண்டாம், யூட்டா

பதில்: நாலு பக்கக் கடிதம். இடம் போதாமல் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். ஆனால் உங்கள் மகன் தமிழில் சொன்ன அந்த வரியை நான் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. "ராத்திரில தூக்கமே வரலம்மா." அதை எழுதிய கையோடு அடுத்த வரியில் "இதைக்கூட விடுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

விட முடியாது. காபி, விபூதி, மாமியார் எல்லாவற்றையும் வேண்டுமானால் விடுகிறேன். இதை விடமாட்டேன்.

அவன் அப்படிச் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? நாலு பக்கத்தையும் இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டேன், அது இல்லை. அன்றைக்கு அவன் போட்டிருந்த டை என்ன நிறம் என்பதுகூட இருக்கிறது. "ஏன்டா கண்ணா தூக்கம் வரல?" என்று நீங்கள் கேட்டதாக ஒரு வரி இல்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

அந்தப் பையன்களின் வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று நம் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மார்மன் சபை 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கி, 1847-ல் யூட்டாவுக்கு வந்து வேரூன்றியது. இன்றைக்கு உலகம் முழுக்க 70,000-க்கும் மேல் மிஷனரிகள் அவர்களுக்கு இருக்கிறார்கள், பெரும்பாலும் இருபதைச் சுற்றிய வயதுப் பிள்ளைகள். பையன்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். எந்த ஊருக்குப் போவது என்று அவர்கள் கேட்டு வாங்க முடியாது, சபை அனுப்புகிற இடம்தான். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. எப்போதும் இரண்டிரண்டு பேர். ஒருவர் கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் மற்றவர் விலகக் கூடாது என்பது விதி. ஒரே அறையில் தூக்கம், ஒன்றாகச் சாப்பாடு, ஒன்றாக நடை. அந்த ஜோடியை அவன் தேர்ந்தெடுக்கவும் முடியாது. சில வாரங்களுக்கு ஒருமுறை இடமாற்றம் வரும்போது ஆள் மாறலாம், மாறாமலும் போகலாம். தனியாக இருப்பது என்றால் குளியலறையில்தான்.

இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை, எல்லாம் தெரிந்துதான் போகிறார்கள். அவனைச் சிறை வைத்திருக்கிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. அந்த ஐடஹோ பையனும் யாரோ பெற்ற பிள்ளைதான், அவனும் இருபது வயதில் வீட்டை விட்டு வந்திருக்கிறான். ஆனால் உங்கள் மகன் உங்களிடம் பேசும்போது மூன்றாவது காது ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. இங்கிலீஷில் சொல்வது மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்வது. தமிழில் சொன்னது உங்களுக்கு மட்டும். அந்த வீட்டில் அவனுக்குக் கதவு போட்ட ஒரே அறை தமிழ்தான். அதற்குள் வந்து ஒரு வரி சொன்னான், நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, வெளியே போய்விட்டான்.

நீங்களோ மொழிப் பற்றில் வயிறெரிந்துகொண்டிருக்கிறீர்கள்!

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது என் அண்ணன் விடுதிப் பள்ளியில் படித்தான். பையன்கள் எழுதும் இன்லண்டு லெட்டரை வார்டன் படித்துப் பார்த்துத்தான் ஒட்டுவார். அதனால் எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி இருக்கும்: நலம், நலமறிய ஆவல், சாப்பாடு நன்றாக இருக்கிறது. ஒரு தடவை கடைசியில், "நம்ம லட்சுமி கன்னு போட்டுதா?" என்று எழுதியிருந்தான். லட்சுமி முந்தின வருஷமே செத்துப்போன மாடு. புதைத்தபோது குழிக்குப் பக்கத்தில் நின்று அழுதவனே அவன்தான். அப்பா அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் அண்ணனோடு திரும்பி வந்தார். அவன் முதுகில் பிரம்புத் தழும்பு. என் அப்பா படித்தது மூன்றாம் வகுப்பு. அவருக்குப் புரிந்தது.

உங்கள் மகன் செத்த மாட்டை வைத்தெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. நேராகத்தான் சொன்னான்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இன்னொன்று எழுதியிருந்தீர்கள். போன புதிதில் திங்கட்கிழமை தவறாமல் ஒரு வார்த்தையோடு வருவானாம். "அம்மா, இங்கேயும் சாவி ஷாவிதான்! ஜன்னலுக்கு ஜனேலா! மேசைக்கு மேஸா!" போர்த்துக்கீசியர்கள் நம் கடற்கரையில் இறக்கிவிட்டுப் போன சொற்கள் அவை. அலமாரியும் அப்படி வந்ததுதான். நாம் தமிழென்றே நினைத்துப் புழங்குகிற சொற்களை, பூமிக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவில் கேட்டுவிட்டு அம்மாவிடம் சொல்ல ஓடி வந்திருக்கிறான் பாருங்கள். அந்த ஊரில் கதவைத் தட்டமாட்டார்கள், வெளி கேட்டுக்கு முன்னால் நின்று கைதட்டிக் கூப்பிடுவார்கள் என்று நடித்துக்கூடக் காட்டியிருக்கிறான். அந்தப் பேச்செல்லாம் எப்போது நின்றது? நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வெயிலில், கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டையோடு, ஒரு நாளைக்கு எத்தனை வாசலில் கைதட்டுவான்? எத்தனை வீட்டில் திரை மட்டும் அசைந்திருக்கும்? அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறதா, உடம்பா, ஜோடியோடு ஒத்துப்போகவில்லையா, போன இடத்தில் நம்பிக்கையே ஆட்டம் கண்டுவிட்டதா, அல்லது வெறும் வீட்டு ஏக்கமா? கேட்டால்தானே தெரியும்.

2019 பிப்ரவரிக்கு முன்னால் அவன் போயிருந்தால் வருஷத்துக்கு இரண்டே நாள்தான் வீட்டுக்குப் பேசியிருக்க முடியும், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போது வாரா வாரம் பேசலாம். திங்கட்கிழமை அவர்களுக்குத் துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டோடு பேச என்று விட்ட நாள். அதற்காக ஆறு நாள் காத்திருந்து கூப்பிடுகிறான். இதுவரை 45 திங்கட்கிழமைக்குக் குறையாது. அத்தனையிலும் அவனை எப்படித் திருப்புவது என்ற யோசனையிலேயே இருந்திருக்கிறீர்கள்.

அடுத்தது உங்கள் கணவர். மகன் பெயரைக்கூட வீட்டில் எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏதோ பெரிய வைராக்கியம் மாதிரி! அந்தப் பெயர்ப்பட்டையில் என்ன எழுதியிருக்கும் என்று அவர் யோசித்தாரா? எல்டர் என்று பட்டம் போட்டு, கடைசிப் பெயரைப் போடுவார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைத்தானே எழுதுகிறோம். 11 மாதமாக உங்கள் மகன் தன் அப்பா பெயரை மார்பில் குத்திக்கொண்டு ரெசிஃபி தெருக்களில் நடக்கிறான். அங்கே எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுகிறார்கள். இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். நான் எழுதினேன் என்றே சொல்லுங்கள்.

என் கட்சி என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மறுவாரமே போய் முழுகி எழுந்தது எனக்குப் பிடிக்கவில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டதும் பிடிக்கவில்லை. அவன் எனக்கு எழுதியிருந்தால் அவனும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். ஆனால் எழுதியது நீங்கள். பிள்ளை கடமை தவறினான் என்பதால் பெற்றவர்களின் கடமை தள்ளுபடி ஆகிவிடாது. எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன, தூக்கம் வராத பிள்ளையை என்னவென்று கேட்பது தாயின் வேலை. அதைப் பிஷப் வந்து செய்யமாட்டார்.

செய்ய வேண்டியது இதுதான். திங்கட்கிழமை கூப்பிடும்போது முதலில் அந்த ஐடஹோ பையனிடம் பேசுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் என் மகனோடு எங்கள் பாஷையில் பேசப் போகிறேன், தப்பாக நினைக்காதே அப்பா என்று இங்கிலீஷிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் தமிழில் கேளுங்கள், "எத்தனை நாளாத் தூக்கம் வரல?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நான் அப்போதே சொன்னேனே என்று ஆரம்பித்தீர்களானால் அந்தக் கதவும் சாத்திவிடும், அப்புறம் திறக்காது.

சாக வேண்டும் போலிருக்கிறது, இருந்து என்ன பயன் என்ற மாதிரி ஒரு சொல் வந்தாலும் அடுத்த திங்கள்வரை பார்க்காதீர்கள். அந்த மணி நேரமே அவனுடைய மிஷன் தலைவரைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு மிஷனையும் ஒரு கணவன் மனைவி மூன்று வருடம் பொறுப்பேற்று நடத்துகிறார்கள், பிள்ளைகளின் உடம்பைக் கவனிப்பதும் அவர்கள் பொறுப்பு. எண் தெரியாதென்றால் உங்கள் பகுதி பிஷப்பிடம் போங்கள். அவர் சம்பளம் வாங்காத ஆள், பகலில் ஏதோ வேலைக்குப் போகிறவர், வீடு நாலு தெரு தள்ளித்தான் இருக்கும். உங்களுக்கு அந்த வாசலை மிதிக்கப் பிடிக்காது, தெரியும். மிதியுங்கள்.

தூக்கமில்லாமல் தவிக்கிற பிள்ளைக்கு அங்கேயே மருத்துவரைப் பார்க்க வழி உண்டு. முடியவில்லை என்றால் கௌரவமாக விடுவித்து வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் இருந்தபடியே சேவை செய்கிற ஏற்பாடும் அவர்களிடம் இருக்கிறது. சிக்கல் சபை விதியில் இல்லை, உங்கள் தெருவில் இருக்கிறது. 24 மாதம் முடிக்காமல் திரும்பிய பையனை யூட்டாவில் நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிற பிள்ளைகள் உண்டு. உங்கள் பிள்ளைக்கோ இரட்டைப் பயம். வெளியே அவர்கள் பார்வை, வீட்டுக்குள் உங்கள் வெற்றிச் சிரிப்பு. அதனால் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "நாளைக்கே வந்தாலும் வா, ஒருத்தரும் ஒன்றும் கேட்கமாட்டோம். 24 மாதம் முடித்துத்தான் வருவேன் என்றாலும் இரு." இரண்டாவது பாதியைச் சொல்ல நாக்கு கூசினால், முதல் பாதியை அவன் நம்பமாட்டான்.

பழையபடி ஆவானா என்றால், ஆகமாட்டான். இரண்டு வருஷம் முன்பின் தெரியாத ஊரில் நடந்து திரிந்தவன் எப்படிப் பழையபடி ஆவான்? வருகிறவனை வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமியாரிடம் உண்மையைச் சொல்லுங்கள். திருநெல்வேலிக்காரர் இதற்கெல்லாம் மயங்கி விழுந்துவிடமாட்டார். பாளையங்கோட்டையிலும் இடையன்குடியிலும் தெருத் தெருவாக நடந்த வெள்ளைக்காரப் பையன்களைப் பார்த்த சீமை அது. கால்டுவெல் 1838-ல் சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு 23 வயது. அவரையும் ஒருத்தி பெற்று அனுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்திருந்திருப்பாள்.

இந்த இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை பொறுக்க வேண்டாம் என்று திங்கட்கிழமை விஷயத்தை மட்டும் உங்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். அதற்கு நீங்கள், "அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. எழுதினாலும் பயனில்லை, இனி திங்கட்கிழமைதான்" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். போனில் குரலைப் பதிந்து அனுப்பத் தெரியாதா? இன்றைக்கே பேசி அனுப்புங்கள். உங்கள் கணவர் பக்கத்தில் இருந்தால் அவர் இருமுகிற சத்தமாவது அதில் கேட்கட்டும்.