நிற்க மாட்டேன் என்கிறவர்

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். கோபி பக்கம் சின்ன கிராமச் சபை எங்களுடையது. எங்கள் வட்டாரச் சபைகளை நிர்வகிக்கிற குருசேகரக் கமிட்டிக்குத் தேர்தல் வருகிறது. நிற்கிறவர்கள் சொந்தக்காரர் ஓட்டு எத்தனை, சாதி ஓட்டு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் சிலர் மனதில் வைத்திருக்கிற அண்ணன் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். சனிக்கிழமை தவறாமல் பெருந்துறை ஆஸ்பத்திரிக்குப் போய், எங்கள் ஊர் நோயாளிகளுக்காக ஜெபித்துவிட்டு வருவார். நில்லுங்கள் என்றால் “எனக்கு எதுக்குங்க அதெல்லாம்” என்கிறார். தேவபக்தியுள்ள தலைவரை எதை வைத்துக் கண்டுகொள்வது? கண்ட பிறகு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

ஜெ.

அன்புள்ள தம்பி,

அந்த அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது யார்? எந்தக் கமிட்டியும் தீர்மானம் போடவில்லையே. கொரிந்துவில் ஸ்தேவானுடைய வீட்டாரும் இப்படித்தான், பரிசுத்தவான்களுக்கு ஊழியம் செய்யத் தங்களைத் தாங்களே ஒப்புவித்தார்கள். “இப்படிப்பட்டவர்களை அங்கிகாரம்பண்ணுங்கள்” என்று அப்போஸ்தலனாகிய பவுல் அந்தச் சபைக்கு எழுதினார் (1 கொரி. 16:18). ஊழியம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. சபை கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

கோயிலுக்குள் மட்டும் பார்த்தால் போதாது. சபைக் கண்காணிப்புக்கு வருகிறவன் புறம்பானவர்களிடமும் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது 1 தீமோத்தேயு 3. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் தண்ணி முறை வரும்போது அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பக்கத்துக் காட்டுக்காரரைக் கேளுங்கள். மண்டியில் மூட்டை தூக்குகிறவரைக் கேளுங்கள். ஜெபத்தில் கண்ணீர் வடிப்பதைவிட அந்தச் சாட்சியை நான் பெரிதாக நினைக்கிறேன்.

என் சிறுவயதில் எங்கள் சபைப் பெரியவர் ஒருவர், ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார். “ஒண்டியா எண்ண மாட்டனுங். இன்னும் ரெண்டு பேரு வாங்க” என்பார். ஆள் வரும்வரை பையைத் தொட மாட்டார். ஒருநாள் மழை, யாரும் நிற்கவில்லை. திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்த என்னையும் என் தம்பியையும் கூப்பிட்டு உட்காரவைத்து எண்ணினார். நாலணாவும் எட்டணாவுமாக நாங்கள் அடுக்க அடுக்க, அவர் நோட்டில் எழுதி எங்களிடமே கையெழுத்து வாங்கினார். எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுலும் தனியாக எடுத்துப் போகவில்லை, துணைக்கு ஆள் வைத்துக்கொண்டார் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது.

லண்டன் மிஷன் மிஷனரி அடிஸ் ஐயர் 1830ல் கோவைக்கு வந்தார் என்பது நமக்குத் தெரியும். ஈரோட்டில் மிஷனரி பிரப் துரை பெயரில் ஆலயமே இருக்கிறது. நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் ஊர் ஊராக நடந்து, ராத்திரிப் பள்ளியில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த உபதேசிமாரில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? அவர்கள் உயிரோடு இருந்தபோதே நாம் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

கண்டபின் என்ன செய்வது என்றீர்கள். சால்வையும் பிளெக்ஸும் வேண்டாம். சபையை நன்றாய் விசாரணை செய்கிற, அதாவது நடத்துகிற, மூப்பர் இரட்டிப்பான கனத்துக்குப் பாத்திரர் என்று எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்கிறார். களத்தில் பிணையல் ஓட்டிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயருக்குச் சம்பளம் தாமதமானால் போய்க் கேளுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குச் சண்டை தீர்க்கக் கூப்பிடுவதை நிறுத்துங்கள். அவர் மனைவியைச் சபையின் சம்பளமில்லா வேலைக்காரியாக்காதீர்கள்.

ஆதரிப்பது என்றால் தப்பை மூடுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் மூப்பர்மேல் பிராதை ஏற்காதே என்கிற வசனத்துக்கு அடுத்ததே, பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்பது. முதல் வசனத்தை மட்டும் வாசித்துப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். அந்தியோகியாவில் பேதுருவையே பவுல் முகமுகமாய் எதிர்த்தாரே.

அந்த அண்ணனை நெருக்காதீர்கள். வீட்டுக்குப் போய், எதற்குத் தயங்குகிறார் என்று கேளுங்கள். நேரம்தான் குறை என்றால் எந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள் என்று சொல்லுங்கள். சண்டைக்குப் பயந்தால், கூட்டத்தில் அவர் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று சொல்லுங்கள். அப்போதும் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். வரும் சனிக்கிழமை பெருந்துறை பஸ்ஸில் அவரோடு நீங்களும் ஏறுங்கள், தம்பி.

அன்புடன்,
அக்கா