இலையைத் திருப்பிப் பாருங்கள்

வணக்கம் அண்ணன்,
தாப்பாவில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிறோம். கேமரன் மலைக்கு ஏறும் ரோட்டோரத்திலும் தோட்டத்திலும் எடுத்த பெரணிப் படங்கள் மூன்றை அனுப்பியிருக்கிறேன். செயலியில் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் வருகிறது, எனக்கோ எல்லாம் ஒரே மாதிரி தெரிகின்றன. எப்படிப் பிரித்தறிவது? பூச்சோக் பாக்கு என்று கொழுந்தைச் சமைக்கிற பெரணி எது?
வாசகி, தாப்பா

அன்புள்ள தங்கைக்கு,

மூன்றும் இலையின் மேற்பக்கப் படங்கள். பெரணியில் பூ, காய் கிடையாது, அதனால் இலையின் அடியில் பழுப்பாக இருக்கும் வித்துப்பைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பூச்சி முட்டை என்று நினைத்துப் பலர் துடைத்தே விடுகிறார்கள்!

செம்பனை மரத்தில் தொங்குவது நெஃப்ரோலெபிஸ் என்ற பெரணி. திருப்பினால் ஓரத்தை ஒட்டி வரிசையாக வட்டப் புள்ளிகள் இருக்கும். மண்ணின் ஈரத்தைக் காப்பதால் பல தோட்டங்களில் இதை அழிக்காமல் விடுகிறார்கள். மரத்தில் கொடியாக ஏறி, சிவப்பாகக் கொழுந்து விடுவது வேறு, அதுதான் சரவாக்கில் மிடின் என்று வதக்கிச் சாப்பிடுவது. அதில் புள்ளியே கிடைக்காது, வித்துக்கென்று நாடா போல ஒடுங்கிய தனி இலை வரும். ரோட்டோரச் சரிவில் பிளேக்னம் என்ற பெரணிக்கும் கொழுந்து சிவப்புதான், ஆனால் அது ஏறாது, தரையில் கொத்தாக நிற்கும், சிற்றிலையின் நடுநரம்புக்கு இருபுறமும் இரண்டு நீளக் கோடுகள் இருக்கும். மூன்றாவது படத்தில் கவை கவையாகப் பிரிந்து புதராக மண்டியிருப்பது ரெசாம். வெட்டிய சரிவில் மண் சரியாமல் பிடித்து வைப்பது அது, தயவுசெய்து பிடுங்க வேண்டாம்.

பூச்சோக் பாக்கு உங்கள் படங்களில் இல்லை. அதை ஆற்றோரத்திலும் ஈரமான பள்ளத்திலும் தேடுங்கள், முற்றிய இலையின் அடியில் நரம்போடு நரம்பாகச் சின்னச் சின்னக் கோடுகள் ஓடும். காய்ந்த, எரித்த மேட்டில் தனித்தனியாகத் தலை நீட்டும் பிராக்கன் என்ற பெரணியின் கொழுந்தும் சுருண்டுதான் இருக்கும். அதைத் தொடாதீர்கள். அதில் டாகுயிலோசைடு என்ற புற்றுநோய் உண்டாக்கும் நச்சு இருக்கிறது.

கொழுந்தில் வித்துக்கோடு இருக்காது என்பதுதான் சிக்கல், அதனால் அதே செடியின் முற்றிய இலையையும் திருப்பிப் பார்க்காமல் பறிக்கக் கூடாது. சந்தேகமா, பாசாரில் (சந்தையில்) ஒரு கட்டு பூச்சோக் பாக்கு வாங்கிக் கையில் வைத்து ஒப்பிடுங்கள். தோட்டத்துக் கால்வாய் ஓரத்தில் மட்டும் பறிக்கவே வேண்டாம், களைக்கு மருந்து அடித்திருப்பார்கள். அடுத்த முறை இலையின் அடிப்பக்கம், செடியின் அடி, நிற்கும் இடம் மூன்றையும் படமெடுத்து அனுப்புங்கள்.