ஜெனரேட்டர் ஓடியும் வோல்ட்டேஜ் ஏறவில்லையா?

கல்லூரி ஆய்வகத்தில் உள்ள 220 வோல்ட் டிசி ஷண்ட் ஜெனரேட்டரை (தன் மின்சாரத்தாலேயே தன் காந்தக் காயிலை இயக்கும் வகை) ரீவைண்டிங், அதாவது காயில்களைப் புதிதாகச் சுற்றுதல், முடித்துப் பொருத்திய பின், முழு வேகத்தில் ஓடியும் 6 வோல்ட்டே வருகிறது, ஃபீல்டு (காந்தத்தை உண்டாக்கும் காயில்) சுவிட்சைப் போட்டால் அதுவும் 2 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது, பேட்டரி கொடுத்து ஃபீல்டைக் காந்தமாக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். ஃபீல்டு சுவிட்ச் திறந்திருக்கையில் வரும் அந்த 6 வோல்ட், துருவ இரும்பில் முன்பே தங்கிவிட்ட எஞ்சிய காந்தத்தால் பிறப்பது. எனவே காந்தம் இருக்கிறது. இந்தச் சிறு வோல்ட்டேஜே ஃபீல்டு காயிலில் சிறிது மின்னோட்டத்தைச் செலுத்தி, அது காந்தத்தைக் கூட்டி, கூடிய காந்தம் மேலும் வோல்ட்டேஜைத் தந்து, இரும்பு தெவிட்டும் நிலை நெருங்கும்வரை இப்படியே ஏறிக்கொண்டு போவதுதான் தற்கிளர்வு. நிலைக்காந்தங்களை நம்பியிருந்த காலத்துக்குப் பின், 1866-67இல் வெர்னர் சீமென்ஸ், சார்லஸ் வீட்ஸ்டன், சாமுவேல் ஆல்ஃபிரட் வார்லி ஆகியோர் தனித்தனியே கண்டடைந்த அருமையான வழி இது.

உங்கள் இயந்திரத்தில் ஃபீல்டு மின்னோட்டம் எஞ்சிய காந்தத்தைக் கூட்டாமல் எதிர்க்கிறது. வோல்ட்டேஜ் இறங்குவதன் பொருள் அதுவே. பேட்டரியால் காந்தத்தையே திருப்பினாலும் ஆர்மேச்சர் (சுழன்று மின்சாரம் தரும் பகுதி) வோல்ட்டேஜும் உடன் திரும்பிவிடுவதால் எதிர்ப்பு அப்படியே நீடிக்கும். ஆகவே முதலில் சுழலும் திசையைப் பாருங்கள். ஓட்டும் மோட்டார் த்ரீ ஃபேஸ் என்றால், திரும்பப் பொருத்தும்போது இரண்டு ஃபேஸ் வயர்கள் மாறியிருக்கக்கூடும். உடலில் உள்ள அம்புக்குறிக்கு எதிராக ஓடினால் அவற்றை மாற்றினாலே போதும். திசை சரியென்றால், இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஃபீல்டின் இரு முனைகளை மட்டும் இடம் மாற்றுங்கள்.

சுவிட்சைப் போட்டும் அளவு இறங்காமல் 6 வோல்ட்டிலேயே நின்றால் ஃபீல்டு சுற்று அறுந்திருக்கலாம். சிறிது ஏறி நின்றால் ரியோஸ்டாட் (ஃபீல்டோடு இணைத்த மாற்றக்கூடிய மின்தடை) முழுவதும் விலக்கப்படாமலோ, கார்பன் பிரஷ் கம்யூட்டேட்டரில் (பிரஷ் உரசும், ஆர்மேச்சரோடு சுழலும் செப்புப் பகுதி) சரியாகப் படியாமலோ இருக்கலாம். மொத்த ஃபீல்டு மின்தடை அந்த வேகத்துக்குரிய எல்லையைத் தாண்டினால் வோல்ட்டேஜ் ஏறாது.

தொடக்கத்திலேயே மீட்டர் பூஜ்யம் காட்டினால்தான் பேட்டரிக்கு வேலை. அப்போது இயந்திரத்தை நிறுத்தி, ஆர்மேச்சரிலிருந்து ஃபீல்டைப் பிரித்து, அதன் பாசிட்டிவ் முனைக்கு 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை வைத்துச் சில நொடிகள் கொடுக்க வேண்டும். வயரை எடுக்கும் நொடியில் காயில் உயர் வோல்ட்டேஜை எழுப்பும் என்பதால், வெறும் உலோகத்தைத் தொடாமல், காப்பிட்ட கிளிப்பைப் பிடித்தே எடுங்கள்.