கேள்வி பதில்: ஒரே கட்டடத்தில் அலுவலகமும் ஓவியக்கூடமும்

கொழும்பு வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏற்றபடி அலுவலகமும் ஓவியக்கூடமும் சேர்த்துக் கட்டுவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி, ஏசி எத்தனை டன் என்பதுதான். அவற்றை ஒரே பதிலில் முடித்துவிடுகிறேன். கேட்டவர்களை அவரவர் ஊர்ப் பெயராலேயே குறிக்கிறேன்.

வெள்ளவத்தை: அக்கா, ஓவியங்களுக்கு வடக்கு வெளிச்சம்தான் நல்லது என்கிறார்கள். வடக்குச் சுவர் முழுவதும் கண்ணாடி வைக்கலாமா?

அது ஐரோப்பாவுக்கான விதி, தம்பி. நாம் இருப்பது ஏறத்தாழ 7 பாகை வடக்கில். ஏப்ரல் முதல் வாரத்தில் நம் உச்சியைக் கடக்கும் சூரியன் செப்டெம்பர் முதல் வாரம்வரை வடக்கேதான் நிற்கும். அந்த ஐந்து மாதமும் வடக்குச் சுவரில் வெயில் உண்டு. ஆனாலும் சமாளிக்கக்கூடிய வெயில். ஜூன் நண்பகலில் 1.2 மீற்றர் தாழ்வாரம் 4 மீற்றர் சுவருக்கு நிழல் தரும். காலை மாலை சரிந்து வருவதற்கு நிலைக்குத்துத் தடுப்புகள் போடுங்கள். தெற்கில் டிசம்பர் நண்பகலில் அதே தாழ்வாரத்துக்கு 2 மீற்றர் நிழல். மேற்கிலோ மாலை 4 மணிக்கு 70 சென்ரிமீற்றர்தான். அதனால் மேற்கில் கண்ணாடி வேண்டாம். படிக்கட்டு, கழிவறை, களஞ்சியம் எல்லாவற்றையும் அந்தப் பக்கம் தள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனை: 2,000 சதுர அடிக்கு எத்தனை டன் ஏசி?

கூரை எது, மேற்கில் என்ன இருக்கிறது, உள்ளே எத்தனை பேர் என்று சொல்லாமல் கேட்டால் விற்பவர்தான் பதில் சொல்வார்.

பம்பலப்பிட்டி: பகலில் ஏசி போட்டு, இரவில் நிறுத்திவிடுகிறோம். ஓவியங்களின் பின்புறத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் வருகின்றன. ஏன்?

அது பூஞ்சணம். கொழும்புக் காற்று சுமார் 24 பாகைக்குக் குளிர்ந்தாலே நீராகப் படியத் தொடங்கும். நீங்கள் சுவரை 20 பாகைக்குக் குளிரவைத்துவிட்டு நிறுத்துகிறீர்கள். பிறகு யாராவது கதவைத் திறந்தால் போதும், வெளி ஈரமெல்லாம் குளிர்ந்த பரப்பைத் தேடி வந்து உட்காரும். ஓவியத்தின் மரச்சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் காற்று ஓடாததால் படிந்த ஈரம் அங்கேயே தங்கிவிடுகிறது. நாள் முழுக்க ஏசியே இல்லாத அறையைவிட இது மோசம்.

சட்டத்தின் நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டு ஒட்டி, சுவரிலிருந்து இரண்டு சென்ரிமீற்றராவது விலக்குங்கள். வெளிச்சுவரில் எதையும் மாட்டாதீர்கள். கடதாசி ஓவியங்களுக்கும் துணிக்கும் கட்டடத்தின் நடுவில் சிறிய அறை ஒன்றை மூடிக் கட்டி, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை இரவு பகலாக ஓடவிடுங்கள். ஈரப்பதன் 65 சதவீதத்துக்குமேல் தங்கக் கூடாது; வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். சுடுமண், கல், மரச் சிற்பங்களைக் காற்றாடும் முற்றத்துப் பக்கம் வையுங்கள். முழுக் கட்டடத்தையும் அருங்காட்சியகமாக்கினால் மின்கட்டணமே விழுங்கிவிடும்.

கல்கிசை: முற்றம், காற்றோட்டம் எல்லாம் பழைய கதை, அக்கா. காலி வீதிப் புகையிலும் ஹோர்ன் சத்தத்திலும் ஜன்னலைத் திறந்து வேலை செய்ய முடியுமா?

வீதிப் பக்கம் திறக்கச் சொன்னது யார்? நடுவில் முற்றம் வைத்து நாற்புறமும் கட்டிய யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் காற்று முற்றத்துக்குள்தானே இறங்குகிறது. 1970களில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா அரச ஈட்டு வங்கிக்காக வடிவமைத்த பல மாடிக் கட்டடம், இன்றைய மகாவலிக் கட்டடம், இயற்கைக் காற்றோட்டத்தை நம்பியே எழுந்தது.

மீண்டும் கல்கிசை: பாவா காலத்துக் கொழும்பு வேறு. இன்று கணினியும் சேவையகமும் இருக்கின்றன.

சேவையகத்துக்கு ஒரு சிறிய அறை கொடுத்து ஏசி போடுங்கள், யார் தடுத்தது? மற்றவர்களுக்கு மின்விசிறி. கூரை உயரம் 3 மீற்றரானால் அலுவலகத்தின் ஆழம் 15 மீற்றரைத் தாண்டாமல் இருக்கட்டும், இரு பக்கமும் திறப்பு இருக்கட்டும். குறுக்கே காற்று ஓடும்.

தெஹிவளை: கல்கிசை அண்ணர் சொல்வதும் சரி. எங்கள் அலுவலகத்தில் மார்ச், ஏப்ரலில் விசிறியோடு இருக்க முடியாது.

ஒப்புக்கொள்கிறேன், காற்றே அசையாத மாதங்கள் அவை. அந்த மாதங்களுக்கு ஏசியை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில் ஜன்னல் திறக்கட்டும். கல்கிசை கேட்பதோ திறக்கவே முடியாத கண்ணாடிப் பெட்டி. மின்வெட்டு நாளில் அதற்குள் இருந்து பார்த்தவர்கள் இங்கே பலர்.

மருதானை: வாஸ்துப்படி வடகிழக்கில் கூடம் வரலாமா?

வாஸ்துக்காரரிடம் கேளுங்கள். மேற்கில் கண்ணாடி வைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

கிருலப்பனை: ஐந்து பேருக்கு எத்தனை டன்?

கொட்டாஞ்சேனைக்குச் சொன்னதுதான்.

நாரஹேன்பிட்டி: முற்றத்தைச் சுற்றிக் கூரை விளிம்பில் மழைநீர்ப் பீலி வைக்க வேண்டுமா?

வேண்டாம். இலை அடைத்துத் தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்பு வரும், ஏறித் துப்புரவு செய்ய ஆளும் கிடைக்காது. தாழ்வாரத்தை நீட்டி, மழை விழும் கோட்டில் கூழாங்கல் நிரப்பிய வடிகால் வெட்டுங்கள். தென்மேற்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும் பக்கத்தில் மட்டும் தரையை ஒரு படி உயர்த்துங்கள்.