பூங்குழலியின் கைகள்

அன்புள்ள அக்கா,

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வாசிப்புக் குழுவில் பதினொரு பேர். எல்லாரும் ‘பொன்னியின் செல்வன்’ பைத்தியம். ஒவ்வோர் ஆண்டும் தீபாவளி முடிந்ததும் மைலோ டின்னில் பெயர்களைப் போட்டுக் குலுக்கி எடுப்போம். யார் பெயர் வருகிறதோ, அவருக்குப் பிடித்த பாத்திரத்தை நாமே வரைந்து, கிறிஸ்மஸ் விடுமுறைச் சந்திப்பில் கொடுக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருள் கூடாது, அது ஒன்றுதான் விதி.

இந்த முறை எனக்கு வந்தது குழுவிலேயே மூத்த அண்ணன் ஒருவரின் பெயர். ‘வந்தியத்தேவன், குதிரையோடு’ என்று எழுதியிருந்தார். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் அவன் வரும் காட்சியை வாட்டர்கலரில் வரைந்தேன். வேலை முடிந்து வந்து, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரைந்தது. ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கடையில் கண்ணாடிச் சட்டமும் போட்டேன். கையில் கொடுத்ததும், “அட, நல்லா இருக்கு லா, தேங்க்ஸ்மா” என்று பைக்குள் வைத்துவிட்டார். அதன் பிறகு புலனத்தில் (வாட்ஸ்அப்) கூட ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு வரைந்து கொடுத்தது பட்டர்வொர்த்திலிருந்து இங்கே படிக்க வந்திருக்கும் ஒரு பிள்ளை. இதுதான் அவளுக்கு முதல் படமாம். ‘பூங்குழலி, எப்படி வரைந்தாலும் ஓகே’ என்று எழுதிப் போட்டிருந்தேன். ஏ4 தாளில் வண்ணப் பென்சில். கைகள் வீங்கிப்போன மாதிரி இருக்கின்றன. படகு கோடிக்கரைப் படகே இல்லை, பினாங்கு சியூ ஜெட்டி சம்பான். “ரொம்ப அழகு” என்று பொய் சொல்லிவிட்டேன். இப்போது, “அக்கா, மாட்டிட்டீங்களா?” என்று கேட்கிறாள்.

இன்னொருவர் கம்ப்யூட்டரிடம் சொல்லி வரையவைத்த படத்தைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு எல்லாரும் ஒரே அளவு உழைக்க வேண்டும் என்று விதி போடலாமா? எல்லாப் படங்களையும் சேர்த்து நாள்காட்டி அடித்து விற்கலாம் என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. எனக்கு இதிலிருந்தே விலகிவிடலாமா என்றிருக்கிறது. படத்தின் போட்டோவை இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

— செந்தூல் வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். அந்தப் படத்துக்கு உங்கள் கடிதத்தில் கிடைத்த இடம் கொஞ்சம்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கைகள் வீங்கியிருப்பது உண்மைதான். துடுப்பைச் சுற்றி விரல்கள் மடங்கும் இடத்தில் அளவு தப்பிவிட்டது. ஆனால் முதல்முறை உருவம் வரைகிறவர்கள் கையை என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? முதுகுக்குப் பின்னால் ஒளிப்பார்கள், முந்தானையால் மூடுவார்கள், படத்தையே மார்போடு நிறுத்திவிடுவார்கள். இந்தப் பிள்ளை பூங்குழலியின் இரண்டு கைகளையும் படத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். வலது மணிக்கட்டுக்குப் பக்கத்தில் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பியிருக்கிறது பாருங்கள். அழித்து அழித்து வரைந்த இடம் அது. ஜெராக்ஸ் மிஷினுக்குப் போடும் தாள், சதுர மீட்டருக்கு 80 கிராம்தான் எடை, அவ்வளவு அழிப்பைத் தாங்காது, வண்ணப் பென்சிலையும் இரண்டு பூச்சுக்கு மேல் வாங்காது. அப்படியும் அவள் கையை விட்டுவிட்டு முகத்துக்குப் போய்விடவில்லை. படகோட்டிப் பெண்ணுக்குக் கைதான் முக்கியம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது படகு. இங்கே ஜார்ஜ்டவுனில் அந்த ஜெட்டிகள் இருக்கும் பெங்காலான் வெல்ட் பக்கம் அடிக்கடி போகிறவள் நான். நீங்கள் சொன்னது சரி, அது சம்பானேதான். பூங்குழலி நின்றபடி, முன்னால் பார்த்து, இரண்டு துடுப்புகளையும் குறுக்காகப் பிடித்துத் தள்ளுகிறாள். இந்தக் கரையில் சம்பான்காரர்கள் அப்படித்தான் தள்ளுவார்கள். பட்டர்வொர்த்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கடல் என்றால் ஃபெரியிலிருந்து பார்த்த இந்த நீரிணைதானே. கூகுளில் தேடி ஒரு நாட்டுப் படகைப் பார்த்து அப்படியே போட்டிருந்தால் நீங்கள் குறை சொல்லியிருக்க மாட்டீர்கள், படமும் யாருடையதோ போல இருந்திருக்கும். தனக்குத் தெரிந்த தண்ணீரில், தான் கண்ணால் பார்த்த படகில் அவளை ஏற்றியிருக்கிறாள். அந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பினாங்குக் கடலில் பூங்குழலியை இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

முகத்தையும் கவனியுங்கள். 2022இலும் 2023இலும் திரைப்படங்கள் வந்த பிறகு பூங்குழலி என்று வரைகிறவர்கள் நிறையப் பேர் நடிகையின் முகத்தைத்தான் வரைகிறார்கள். அதற்கு முந்தைய தலைமுறைக்கு மணியம் வரைந்த முகங்கள். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோது வாரா வாரம் அவர் வரைந்ததுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டது. வந்தியத்தேவனுக்காவது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், குந்தவையின் கணவர் என்று, பெயர் இருக்கிறது. பூங்குழலி முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை. இதுதான் அவள் முகம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. இந்தப் பிள்ளை நடிகையிடமும் போகவில்லை, மணியத்திடமும் போகவில்லை. அகலமான நெற்றி, வெயில் பட்ட மூக்கு, கொஞ்சம் கோபம். யாரையோ நேரில் பார்த்து வரைந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டுப் பாருங்கள்.

ஆகவே “ரொம்ப அழகு” என்று சொன்னதற்காக வருத்தப்பட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அந்தச் சொல்லை இனி எடுக்காமல், பார்த்ததைச் சொல்லுங்கள். எந்த ஜெட்டியைப் பார்த்து இந்தப் படகை வரைந்தாய், இது யாருடைய முகம் என்று கேளுங்கள். கை சரியாக வரவில்லையே என்று அவளாகவே கேட்டால் மட்டும் சொல்லித்தாருங்கள்: கண்ணாடிக்கு முன்னால் துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள், முதலில் முழு முஷ்டியையும் ஒரு பெட்டி போல வரையச் சொல்லுங்கள், விரல் பிரிப்பதெல்லாம் அப்புறம். கேட்காதவரை அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். பரிசாக வந்த படத்தைத் திருத்தித் தரும் பொறுப்பு நமக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘எப்படி வரைந்தாலும் ஓகே’ என்று எழுதினீர்களே, அதைப் படித்த பிள்ளை என்ன செய்வாள்? அடக்கமாகக் கேட்கிறோம் என்று நினைத்துத்தான் நாம் அப்படி எழுதுகிறோம். வரைகிறவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை. உங்களுக்குப் பூங்குழலியை ஏன் பிடிக்கும்? கோடிக்கரைச் சதுப்பில் இரவில் கொள்ளிவாய்ப் பிசாசுகள் எரிந்து எரிந்து அணைவதை வந்தியத்தேவனுக்குக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்று சொல்கிறாளே, அந்தப் பூங்குழலியா? நடுக்கடலில் அவனை அதட்டுகிற பூங்குழலியா? சேந்தன் அமுதனிடம் பேசுகிற பூங்குழலியா? ஒரு காட்சி, ஒரு மனநிலை, வேண்டாத ஒன்று. இந்த மூன்றையும் எழுதிப் போடுங்கள். ‘நடிகை முகம் வேண்டாம்’ என்பதும் நல்ல குறிப்புதான். ‘அஞ்சலட்டை அளவு போதும்’ என்று எழுதினால் புதிதாக வரைகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. விருப்பத்தை விவரமாகச் சொல்வதும் வரைகிறவருக்கு நாம் கொடுப்பதுதான்.

ரசிகர்கள் ஒருவருக்கொருவர் கதைகளைப் பரிசாக எழுதிக் கொடுக்கும் யூல்டைட் என்ற இணையப் பரிமாற்றம் 2003 முதல் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து ரசிகர்கள் கலந்துகொள்கிறார்கள். அங்கே கேட்கிறவர் தன் விருப்பங்களை ஒரு கடிதமாக எழுதி வைப்பது வழக்கம். கதைகளை டிசம்பர் 25இல் திறப்பார்கள். எழுதியவர் பெயர் ஜனவரி 1இல்தான் தெரியும். நடுவில் இருக்கும் அந்த ஒரு வாரம் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. கொடுத்தவர் கைதேர்ந்தவரா கற்றுக்குட்டியா, மூத்தவரா இளையவரா என்று தெரியாமல், வந்ததை மட்டும் பார்த்துப் பதில் எழுதியாக வேண்டும். உங்கள் குழுவிலும் செய்து பாருங்கள். பதினொரு பேருக்குள் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பீர்கள். கண்டுபிடிக்கட்டுமே, அதற்காகவாவது படத்தை உற்றுப் பார்ப்பார்கள். முடிக்க முடியாமல் போனவருக்குப் பதிலாக எழுதிக் கொடுக்க ஒருவரை முன்கூட்டியே வைத்துக்கொள்வதும் அங்கே வழக்கம், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த அண்ணன் விஷயம். உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் பைக்குள் வைத்ததை வைத்து அவருக்குப் படம் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நம் வீடுகளில் அவர் வயதுக்காரர்கள் எப்படி வளர்ந்தார்கள்? கொடுத்தவர் முன்னால் தீபாவளி ஆங்பாவை, அந்தப் பண உறையை, பிரித்துப் பார்த்தால் அடி விழும். வாங்கி, கும்பிட்டு, ஓரமாக வைத்துவிட வேண்டும், அதுதான் மரியாதை. அவர் செய்ததும் அதேதான். பணத்துக்கு அந்த மரியாதை சரி. படத்துக்குச் சரிவராது. படத்தை வாங்கிக்கொள்வது என்றால் அதைப் பார்ப்பது, பார்த்ததை வரைந்தவருக்குச் சொல்வது. அதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

காமிக்ஸ், அனிமே ரசிகர்கள் கூடும் காமிக் ஃபியஸ்டாவுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். 2002இல் தொடங்கியது, டிசம்பரில் கோலாலம்பூரில் நடக்கிறது. நம் இளம் ஓவியர்கள் மேசை போட்டுத் தாங்கள் வரைந்த ரசிகர் படங்களை விற்பார்கள். அங்கே வருகிறவர்கள் ஒவ்வொரு மேசையிலும் நின்று, ஒரு படத்தைக் கையில் எடுத்துத் தூரம் வைத்துப் பார்த்து, கிட்டே வைத்துப் பார்த்து, “இந்த நிழலை எப்படிப் போட்டீங்க?” என்று கேட்டு, அப்புறம்தான் காசை எடுப்பார்கள். காசு கொடுத்து வாங்கும்போது இவ்வளவு பார்க்கிறவர்கள், சும்மா கிடைக்கும்போது பார்ப்பதில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை. இதற்கு என்னால் சொல்ல முடிகிற வழி ஒன்று: அடுத்த சந்திப்பில் படங்களைக் கைக்குக் கை கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரு நீண்ட மேசையில் வைத்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் வாங்குகிறவர் ஒவ்வொருவரும் தன் படத்தின் பக்கத்தில் நின்று, அதில் என்ன பார்த்தோம் என்று இரண்டு நிமிடம் பேச வேண்டும். பேச வராதவர்கள் ஒரு வாரத்துக்குள் எழுதி அனுப்பட்டும். விதி போடுவதானால் இதைப் போடுங்கள்.

ஒரே அளவு உழைப்பு என்ற விதி வேண்டாம். கூட்டுப் பணம் (சீட்டு) கட்டுவது போல, போட்டது அதே தொகையாகத் திரும்பி வர வேண்டும் என்று பார்த்தால், அந்தப் பட்டர்வொர்த் பிள்ளை அடுத்த ஆண்டு பெயரே கொடுக்க மாட்டாள். உங்கள் வாட்டர்கலருக்கு எதிரே தன் பென்சில் படத்தை வைக்க அவளுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! சொந்தக் கையால் வரைந்தது, முடித்தது, சொன்ன நாளில் வந்தது. இவ்வளவு போதும்.

கம்ப்யூட்டரை வரையவைத்துக் கொண்டுவந்தவருக்கு என் பதில் சுருக்கமானது. அது வேறு எங்கே வேண்டுமானாலும் பயன்படட்டும், இந்த டின்னுக்குள் வேண்டாம். ஒருவருக்குப் பிடித்த பாத்திரத்தோடு நாம் சில மணி நேரம் உட்கார்ந்திருந்தோம் என்பதுதான் இங்கே பரிசு. கோடு கோணலாக இருந்தாலும் அவரே வரையட்டும். அன்பாகச் சொல்லுங்கள், மற்றவர்கள் முன்னால் சொல்லாதீர்கள்.

நாள்காட்டி அடிப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தாள் உங்கள் கைக்கு வந்துவிட்டாலும், அதைப் பிரதி எடுத்து விற்கும் உரிமை வரைந்தவரிடம்தான் இருக்கிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படியும் அப்படித்தான். சமூக ஊடகத்தில் போடுவதானாலும் கேட்டுவிட்டு, பெயரோடு போடுங்கள். முதல் படத்தையே விற்பனைக்கு வைக்க அந்தப் பிள்ளைக்கு விருப்பமில்லாமல் இருக்கலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

விலகுவதைப் பற்றிக் கேட்டீர்கள். விலகாதீர்கள். ஏரிக்கரைக் குதிரையை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரைகிற ஆள் போய்விட்டால் அந்தக் குழுவுக்குத்தான் நட்டம். அந்த அண்ணனுக்கு நீங்களே ஒரு வரி எழுதுங்கள். ‘பிடித்திருக்கிறதா?’ என்று கேட்டால் ‘பிடித்திருக்கிறது’ என்றுதான் பதில் வரும். ‘குதிரை களைத்திருப்பது தெரிகிறதா அண்ணா? அதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது’ என்று எழுதுங்கள். பையிலிருந்து எடுத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மாட்டுவதா என்பது உங்கள் விருப்பம். மாட்டுவதானால் வெயில் படும் சுவரில் வேண்டாம், வண்ணப் பென்சில் சீக்கிரம் மங்கிவிடும். நம் ஊர் ஈரத்துக்கு வெளிச்சுவரில் மாட்டினால் தாளில் பூஞ்சைப் புள்ளி விழும், உள்சுவராகப் பாருங்கள். தாளில் செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். மாட்ட மனமில்லை என்றால் நல்ல கோப்பில் போட்டுத் தேதியும் அவள் பெயரும் எழுதி வையுங்கள், கேட்டால் அப்படியே சொல்லுங்கள். அதோடு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள வரைதாள் கட்டு ஒன்று வாங்கி அனுப்புங்கள், அழித்தாலும் தாங்கும். பொங்கலுக்குள் அவள் கைக்குக் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
அக்கா
ஜார்ஜ்டவுன், பினாங்கு