தூக்கம் கெட்டதால் மனச்சோர்வா, மனச்சோர்வால் தூக்கம் கெட்டதா?

வயது 23, விடியற்காலை மூன்று மணிவரை தூக்கம் வருவதில்லை, பகலெல்லாம் மனம் கனத்துக் கிடக்கிறது, எது எதனால் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் உண்மைதான். ஆனால் எதை முதலில் கவனிப்பது என்றால், தூக்கத்தை என்பேன்.

கவலை தீர்ந்தால் தூக்கம் தானாக வரும் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் இதைத் தலைகீழாகச் சோதித்துப் பார்த்தார்கள். பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களில் தூக்கமின்மையால் அவதிப்பட்ட 3,755 மாணவர்கள். அதில் ஒரு பகுதியினருக்குத் தூக்கத்துக்கு மட்டும் இணையவழிச் சிகிச்சை. 2017-இல் வெளியான முடிவு: அவர்களுக்குத் தூக்கம் தேறியதோடு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, அடுத்தவர் மேல் வரும் வீண் சந்தேகம்கூடக் குறைந்தது.

அந்தச் சிகிச்சையில் மாத்திரை கிடையாது. படுக்கையைத் தூங்க மட்டும் பயன்படுத்த வேண்டும். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் புரளாமல் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்பிப் படுக்க வேண்டும். (கையில் போன் இல்லாமல்!) எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் மாறக்கூடாது. சென்னையில் அமெரிக்க நேரத்துக்கு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகல் வேலைக்கு மாறியபோது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு சாப்பிட்டுவிட்டு மாலைவரை தூங்குகிற சுகத்தை லேசில் விட முடியுமா? ஆனால் அதை விட்ட பிறகுதான் திங்கட்கிழமை எரிச்சல் குறைந்தது.

உங்கள் வயதில் உடல் கடிகாரமே சற்றுப் பின்தங்கித்தான் ஓடும்; அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது நியாயமில்லை. அதற்காக மாலை ஆறு மணி காபியை நான் மன்னிக்க மாட்டேன். அதன் காஃபினில் ஏறக்குறைய பாதி இரவு பதினொன்றுக்கும் உடம்பில் இருக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில நாட்கள் தூக்கமே இல்லாமலும் களைப்பே தெரியாமல், பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் போகிறதென்றால் அது வேறு விஷயம். தூங்கும் நேரத்தில் கை வைக்குமுன் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416, இலவசம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.