பாட்டிக்கு ஃபாஸ்டர் உத்தரவு வேண்டாம்

குவாசூலு-நேட்டாலில் எய்ட்ஸில் பெற்றோரை இழந்த இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி, ஃபாஸ்டர் உதவித்தொகைக்காக (நீதிமன்றம் வளர்ப்புக்கு ஒப்படைக்கும் பிள்ளைக்கு அரசு தரும் பணம்) நீதிமன்ற உத்தரவை எதிர்பார்த்துக் காத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். காத்திருக்கத் தேவையில்லைங்க. 2022 முதல் தென்னாப்பிரிக்காவில் உறவினர் வளர்க்கும் அனாதைக் குழந்தைக்கு, சாதாரண குழந்தை உதவித்தொகையோடு அதில் பாதி கூடுதலாகக் கிடைக்கும். ஃபாஸ்டர் தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் சமூகப் பணியாளரும் வேண்டாம், நீதிமன்றமும் வேண்டாம். ஃபாஸ்டர் உத்தரவு பெரும்பாலும் 2 ஆண்டில் காலாவதியாகும், புதுப்பிக்காமல் விட்டால் பணம் நிற்கும் என்ற தொல்லையும் இதில் இல்லை.

நேராக சாசா (அரசு உதவித்தொகை வழங்கும் நிறுவனம்) அலுவலகம் போகச் சொல்லுங்கள், விண்ணப்பம் இலவசம். பாட்டியின் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பெற்றோரின் இறப்புச் சான்று வேண்டும். தந்தை யாரென்றே தெரியாவிட்டால் அதைச் சொல்லும் சத்தியக் கடிதம். காவல் நிலையத்திலேயே காசில்லாமல் முத்திரை போடுவார்கள்.

பலர் திரும்பி வருவது பிறப்புச் சான்று இல்லாமல்தான். அப்போதும் விண்ணப்பிக்கலாம்: சான்று இல்லாதவர்களுக்கான விதியான ‘ஒழுங்குமுறை 11(1)’ என்று சொல்லிக் கேட்கணும். தடுப்பூசி அட்டை, பள்ளிக் கடிதம் கையிலிருக்கட்டும். பெற்றோர் எந்த நோயில் இறந்தார்கள் என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

உதவித்தொகை கிடைத்ததும் அதற்கான சாசா கடிதத்தைப் பள்ளியில் காட்டுங்கள். அரசுப் பள்ளிக் கட்டணம் தானாகவே தள்ளுபடி.